வாக்கு முதலில், விடுதலை பிறகு: இலங்கைச் சுதந்திரமும் கிழக்கின் ஜனநாயகமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுதந்திர தினமான பெப்ரவரி 4 வந்தால் மட்டக்களப்பில் ஒரு பக்கம் கொடியேற்றம், இன்னொரு பக்கம் கறுப்புக் கொடி. இரண்டையும் பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள் கேட்கிற கேள்விகள்தான் கீழே இருப்பவை. உயர்தரத்தில் அரசறிவியல் படிப்பவர்கள் கேட்டவை பாதி, அவர்களுடைய அப்பாமார் கேட்டவை மீதி. பதில்களில் வரலாறும் இருக்கிறது, என் அபிப்பிராயமும் இருக்கிறது. எது எதுவென்று வாசிக்கும்போதே தெரிந்துவிடும்.

இலங்கையில் சுதந்திரப் போராட்டம் என்று ஒன்று உண்மையில் நடந்ததா?

நடந்தது. ஆனால் இந்தியாவில் நடந்த மாதிரி இல்லை.

1919 டிசம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரஸ் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் ஒரு தமிழர், சேர் பொன்னம்பலம் அருணாசலம். மேல் மாகாணத் தமிழருக்கு ஓர் ஆசனம் தருவோம் என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை என்று இரண்டு வருடத்துக்குள் அவர் வெளியேறிவிட்டார். அதன் பிறகு காங்கிரஸ் பெரும்பாலும் சிங்களக் கனவான்களின் சபையாகத்தான் இருந்தது. மனு எழுதினார்கள், லண்டனுக்குத் தூது போனார்கள், ஆணைக்குழுக்களுக்கு முன்னால் சாட்சியம் சொன்னார்கள். உப்புக் காய்ச்சி ஜெயிலுக்குப் போகவில்லை.

வேறு ஆட்களும் இருந்தார்கள். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சாதி ஒழிப்பு, தாய்மொழிக் கல்வி, முழுச் சுயராஜ்யம் என்று பேசியது. 1927 நவம்பரில் காந்தி இங்கு வந்தபோது அவரை யாழ்ப்பாணத்துக்கு அழைத்ததும் அந்த இளைஞர்கள்தான். தெற்கில் ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கம் இருந்தது. சூரியமல் இயக்கத்திலிருந்து 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. இவர்களில் ஒருவராலும் முழு நாட்டையும் ஒரு கூரைக்குக் கீழே கொண்டுவர முடியவில்லை.

என் கணக்கில் இழப்பு அங்கேதான். பெரிய மக்கள் இயக்கம் ஒன்றில் பல ஊர், பல மதம், பல மொழிக்காரர் வருடக்கணக்கில் ஒன்றாக இருந்து சண்டை பிடிக்க வேண்டியிருக்கும். நாளைக்கு ஆட்சி கைக்கு வந்தால் உனக்கு என்ன, எனக்கு என்ன என்பதைப் பேசித் தீர்க்க வேண்டியிருக்கும். இங்கே அந்தப் பேச்சு முடியாமலே ஆட்சி கைக்கு வந்துவிட்டது.

அப்படியென்றால் எல்லாருக்கும் வாக்குரிமை கேட்டது யார்?

பெரிய தலைவர்கள் கேட்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 1924இல் சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேருக்குத்தான் வாக்கு இருந்தது. படிப்பு, சொத்து, வருமானம் பார்த்துக் கொடுத்தார்கள். 1927இல் யாப்புச் சீர்திருத்தம் பற்றி விசாரிக்க லண்டன் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு வந்தபோது தேசிய காங்கிரஸ் அதைக் கொஞ்சம் அகட்டினால் போதும் என்றுதான் சொன்னது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் சர்வஜன வாக்குரிமையை நேராகவே எதிர்த்தார். எல்லாருக்கும் வேண்டும் என்று நின்றது குணசிங்கவின் தொழிலாளர் சங்கம். பெண்களுக்கு வாக்குக் கேட்டு ஒரு பெண்கள் சங்கமும் ஆணைக்குழுவிடம் போனது.

ஆணைக்குழு தலைவர்கள் கேட்டதைவிடக் கூடுதலாகவே கொடுத்துவிட்டது. 21 வயதான ஆண், பெண் எல்லாருக்கும் 1931இல் வாக்கு. இங்கிலாந்திலேயே பெண்களுக்கு ஆண்களோடு சமமாக வாக்குக் கிடைத்தது 1928இல்தான். டொனமூர் யோசனைகள் சட்டசபையில் தேறியது 19க்கு 17 என்ற வாக்கில். இரண்டு பேர் மாறிப் போட்டிருந்தால் வேறு கதை.

இனாமாக வந்தது என்று சிலர் இளக்காரமாகச் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். வாக்கு வந்த வழி எப்படி இருந்தாலும், வந்த பிறகு சனம் அதை விடவில்லை. ஒரு குறை மட்டும் சொல்லலாம்: தோட்டத் தொழிலாளருக்கு அன்றைக்கே வதிவிட நிபந்தனை போட்டார்கள். 1948இல் அவர்களுடைய பிரஜாவுரிமையைப் பறித்ததற்கு முன்னோட்டம் அது.

1931இல் கிழக்கில் வாக்களிப்பு எப்படி நடந்திருக்கும்?

எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் நிறைய என்பதால் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறப் பெட்டி. மறைப்புக்குள் போய், உங்களுக்குப் பிடித்த ஆளின் நிறப் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும். இன்றைக்கும் நம் ஊர்ப் பிரசாரத்தில் கட்சிக்கு ஒரு நிறம் என்று தோரணம் கட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பெட்டிகள்தான் நினைவுக்கு வரும். 1947இல் நிறம் போய்ச் சின்னம் வந்தது. புள்ளடி போடும் பழக்கம் அதோடு வந்ததுதான்.

அந்த முதல் தேர்தலில் மட்டக்களப்பு தெற்குத் தொகுதியில் வென்றவர் காலியைச் சேர்ந்த சேர் முகம்மது மாக்கான் மாக்கார். போக்குவரத்து, பொது வேலைகள் அமைச்சரும் ஆனார். நாட்டின் முதல் முஸ்லிம் அமைச்சர் அவர்தான். கிழக்கின் வாக்கு முதல் தேர்தலிலேயே கொழும்பில் கணக்கில் வந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரதிநிதித்துவம் என்பது மட்டக்களப்பாருக்கு டொனமூர் கற்றுக்கொடுத்த பாடம் இல்லை. கோயிலில் குடிக்கு (தாய்வழிக் குலத்துக்கு) ஒரு வண்ணக்கர், பள்ளிவாசலில் குடிக்கு ஒரு மரைக்காயர் என்று பங்கு பிரித்து நிர்வாகம் நடத்திய ஊர்கள் இவை. எந்தக் குடிக்கு எந்த நாள் திருவிழா என்பதில் வருகிற சண்டையைப் பார்த்தவர்களுக்கு ஆசனப் பங்கீட்டுச் சண்டை புதிதாகத் தெரியாது. அந்தக் குடி முறையில் ஏற்றத்தாழ்வும் இருந்தது, பெண்களுக்கு நிர்வாகத்தில் இடமும் இல்லை. ஆனாலும் பெரிய குடி சின்னக் குடியின் பங்கை விழுங்கக்கூடாது என்ற நியாயம் அதில் இருந்தது. கொழும்பு அரசியலமைப்புகளில் நான் தேடுவதும் அதைத்தான்.

யாழ்ப்பாணம் அந்தத் தேர்தலைப் பகிஷ்கரித்ததாமே?

ஆம். டொனமூர் யாப்பு முழுச் சுயராஜ்யம் தரவில்லை என்று வாலிபர் காங்கிரஸ் சொன்ன சொல்லுக்கு வடக்கின் நான்கு தொகுதிகளில் ஒருவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. கொள்கை உயர்ந்தது. ஆனால் தெற்கு பின்னால் வரவில்லை; 1934இல் இடைத்தேர்தல் நடக்கும் வரை அந்த ஆசனங்கள் காலியாகக் கிடந்தன. கிழக்கு பகிஷ்கரிக்கவில்லை.

இதைச் சொன்னால் அடுத்த கேள்வி 2005 ஜனாதிபதித் தேர்தலைப் பற்றி வரும். அப்போது பகிஷ்கரிப்பு விடுதலைப் புலிகளால் வந்தது, சனம் தானாக எடுத்த முடிவென்று சொல்ல முடியாது. வெற்றி வித்தியாசம் சுமார் ஒரு லட்சத்து எண்பதாயிரம் வாக்கு. மீதியை நீங்களே யோசியுங்கள்.

இந்தியாவின் சுதந்திர இயக்கத்தோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் எது?

பலரும் காந்தி, சிறை, ஊர்வலம் என்று தொடங்குவார்கள். நான் 1920 நாக்பூரிலிருந்து தொடங்குவேன். அந்த மாநாட்டில் இந்திய தேசிய காங்கிரஸ் தன் மாகாணக் கிளைகளை மொழிவாரியாக மாற்றி அமைத்தது. ஆங்கிலேயன் கீறிய மாகாண எல்லையை விட்டுவிட்டு, ஆந்திரத்துக்குத் தெலுங்குக் கிளை, தமிழ்நாட்டுக்குத் தமிழ்க் கிளை என்று பிரித்தது. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் வந்தபோது, அந்த யோசனை இயக்கத்துக்குள்ளேயே 36 வருடம் பழகிப்போயிருந்தது. டில்லி அதற்கும் தயங்கத்தான் செய்தது. ஆனால் கேட்டவர்களைத் துரோகி என்று ஒரேயடியாகத் தள்ள முடியவில்லை. காங்கிரஸ் தானே கொடுத்த வாக்கு.

அதே மாதிரி, வயது வந்த எல்லாருக்கும் வாக்கு என்பது 1928 நேரு அறிக்கையிலும் 1931 கராச்சித் தீர்மானத்திலும் இருந்தது. பிறகு அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் முதல் 1949 நவம்பர் வரை உட்கார்ந்து, அம்பேத்கர் தலைமையில் ஒரு குழு வரைவு எழுதி, வரிவரியாக விவாதித்தது. 1951–52 முதல் பொதுத் தேர்தலில் ஏறத்தாழ 17 கோடிப் பேருக்கு வாக்கு.

இலங்கையில்? சோல்பரி ஆணைக்குழு வந்தது, போனது. பெரும்பான்மைக்குப் பாதி ஆசனம், சிறுபான்மையினர் எல்லாருக்கும் சேர்த்துப் பாதி என்று ஜீ. ஜீ. பொன்னம்பலம் ஐம்பதுக்கு ஐம்பது கேட்டார், கிடைக்கவில்லை. யாப்பு லண்டனிலிருந்து கட்டளையாக வந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த சபை ஒன்று கூடி எழுதியது இல்லை.

இந்தியா சொர்க்கம் என்று நான் சொல்லவரவில்லை. பிரிவினையில் ஓடிய இரத்தமும் 1975 அவசரநிலையும் காஷ்மீரும் அதே கணக்கில்தான் வரும்.

நம் பகுதியிலிருந்து யாரும் மொழிக்காக அரசாங்க சபையில் பேசவில்லையா?

பேசினார். பாடப் புத்தகத்தில் ஒரு வரிகூடக் கிடைக்காத மனிதர், வீ. நல்லையா. திருகோணமலை–மட்டக்களப்புத் தொகுதிக்கு 1943இல் அரசாங்க சபைக்கு, அதாவது டொனமூர் யாப்பில் வந்த சட்டமன்றத்துக்கு, போனவர்.

ஜே. ஆர். ஜயவர்த்தன சிங்களத்தை அரச கரும மொழியாக்க வேண்டும் என்று பிரேரணை கொண்டுவந்தார். 1944 மே மாதம் விவாதம். அந்தப் பிரேரணையில் சிங்களத்தோடு தமிழையும் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தவர் நல்லையா. சபை திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. பெரும்பான்மையாக வாக்களித்து நிறைவேற்றியது. ஆதரித்துப் பேசியவர்களில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவும் ஒருவர்.

ஆக, சுதந்திரத்துக்கு நான்கு வருடத்துக்கு முன்பே இரு மொழி என்பது இந்த நாட்டின் மக்கள் பிரதிநிதிகள் எடுத்த தீர்மானம். 12 வருடம் கழித்து, 1956இல், அதே பண்டாரநாயக்க சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தார். தனிச் சிங்களம் என்பது தவிர்க்க முடியாமல் வந்தது என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு 1944ஐ எடுத்துக் காட்டுங்கள். தீர்மானம் இருந்தது. அதைப் பூட்டி வைக்க ஒரு யாப்பும் இல்லை, அதற்காக ஒன்றாக வீதிக்கு இறங்கிய நினைவும் இரண்டு பக்கச் சனத்துக்கும் இல்லை. காற்று மாறியதும் பறந்துவிட்டது.

சோல்பரி யாப்பில் சிறுபான்மைக்குப் பாதுகாப்பாக 29ஆம் பிரிவு இருந்ததே?

இருந்தது. ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமோ சலுகையோ தரும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்றது. காகிதத்தில் நல்ல பிரிவு.

கோடீஸ்வரன் என்ற அரச எழுதுவினைஞரின் வழக்கைப் பாருங்கள். சிங்களப் பரீட்சை சித்தியடையவில்லை என்று 1962இல் அவருடைய சம்பள ஏற்றத்தை நிறுத்தினார்கள். மனிதர் வழக்குப் போட்டார். 1964இல் மாவட்ட நீதிமன்றம், மொழிச் சட்டமே 29ஆம் பிரிவுக்கு முரண் என்று தீர்ப்புச் சொன்னது. உயர் நீதிமன்றம் மொழிப் பிரச்சினைக்குள் போகாமல், அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மேல் வழக்காட முடியாது என்று தள்ளியது. அன்றைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில் 1969இல், முடியும், திரும்ப விசாரியுங்கள் என்று அனுப்பியது. திரும்ப விசாரிப்பதற்குள் 1972 குடியரசு யாப்பு வந்தது. 29ஆம் பிரிவு காணாமல் போயிற்று. ஒரு சம்பள ஏற்றத்துக்காகப் போட்ட வழக்கு, பத்து வருடம் இழுத்து, அடியில் இருந்த சட்டமே இல்லாமல் போய் முடிந்தது.

1948இல் மலையகத் தமிழருக்கு நடந்ததற்கும் நமக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. 1948 பெப்ரவரியில் விடுதலை. அதே வருடம் நவம்பரில் பிரஜாவுரிமைச் சட்டம் அமுலுக்கு வந்தது. 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம். 1947இல் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினர்கள் பாராளுமன்றத்துக்குப் போனார்கள். 1952இல் ஒருவரும் இல்லை. வெள்ளைக்காரன் கொடுத்த வாக்கைச் சுதந்திர நாடு பறித்தது. இதில் பிரிவிக் கவுன்சிலும் கைகொடுக்கவில்லை: 1953இல், பிரஜை யார் என்று தீர்மானிப்பது அரசின் உரிமை, அது பாரபட்சம் ஆகாது என்றுவிட்டது.

பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்தார். செல்வநாயகம் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அந்தக் கட்சிதான் பிறகு மட்டக்களப்பின் அரசியலையே மாற்றியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேரை இரண்டு நாட்டுக்கும் பங்கு பிரிக்கப் பேசினார்கள். அந்த ஆட்களிடம் யாரும் கேட்கவில்லை. கடைசியாக மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை சட்டப்படி கிடைத்தது 2003இல்.

அம்பாறை ஏன் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது? அதற்கும் ஜனநாயகத்துக்கும் என்ன சம்பந்தம்?

சுதந்திரத்துக்குப் பிறகு டி. எஸ். சேனாநாயக்க தொடங்கிய முதல் பெரிய திட்டம் கல்லோயா, 1949இல். இங்கினியாகலையில் அணை, பின்னால் சேனாநாயக்க சமுத்திரம். காடு வயலானது. வேலை வந்தது, நெல் வந்தது; அதை மறுக்க முடியாது. குடியேற்றக் கிராமங்களில் பெரும்பாலானவை வெளி மாவட்டச் சிங்களக் குடும்பங்களுக்குப் போயின. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் கிடைத்த இடங்கள் அநேகம் வாய்க்காலின் கடைப்பக்கம். சிறுபோகத்தில் கடைப்பக்கம் தண்ணீர் வருமா வராதா என்பது சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்க விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும்.

1956 யூனில், மொழிச் சட்டம் வந்த அதே நாட்களில், கல்லோயாவில் தமிழர் மேல் வன்முறை நடந்தது. 1960இல் அம்பாறைத் தேர்தல் தொகுதி, 1961இல் அம்பாறை மாவட்டம். கிழக்கில் சிங்களவர் பங்கு 1921இல் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு; 1981இல் ஏறத்தாழ கால்வாசி.

ஜனநாயகத்தில் எண்ணிக்கைதான் பலம் என்றால், எண்ணிக்கையை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. நிலமும் தண்ணீரும் எல்லைக் கோடும் கொழும்பின் கையில் இருந்தன. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் கொட்டகை போட்டு உட்கார்ந்ததும் இதே கேள்வியோடுதான்.

மட்டக்களப்புத் தொகுதிக்கு ஒரு காலத்தில் இரண்டு எம்.பி.மார் இருந்தார்களாமே?

ஆம், 1960 முதல் இரட்டை அங்கத்தவர் தொகுதி. வாக்காளருக்கு இரண்டு வாக்கு. இரண்டையும் ஒருவருக்கே போடலாம், பிரித்தும் போடலாம். தமிழரும் முஸ்லிம்களும் கலந்திருக்கும் இடத்தில் இரண்டு சமூகத்துக்கும் வாய்ப்பு வரட்டும் என்பது நோக்கம். 1977இல் செல்லையா இராசதுரையும் பரீத் மீராலெப்பையும் வந்தார்கள். அதே வருடம் பொத்துவில்லும் இரட்டைத் தொகுதி, ஜலால்தீனும் கனகரத்தினமும்.

எல்லாத் தேர்தலிலும் சரியாகப் பங்கு விழவில்லை. உத்தரவாதம் இல்லை, வாய்ப்புத்தான். ஆனாலும் எனக்கு இந்த முறையில் ஒரு மரியாதை உண்டு. இரண்டாவது வாக்கைக் கேட்க ஒரு தமிழ் வேட்பாளர் காத்தான்குடிக்கும் போகலாம், ஒரு முஸ்லிம் வேட்பாளர் ஆரையம்பதிக்கும் போகலாம். இப்போதுள்ள விருப்பு வாக்கு முறையில் அந்தத் தேவை குறைந்துவிட்டது. தன் கட்சிக்காரனையே முந்துவதில் பாதிக் காசும் நேரமும் போய்விடும். 1989இலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

காந்தியின் வழி கிழக்குக்கு வந்ததா?

வந்தது, சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது. 1961 பெப்ரவரி 20ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரிக்கு (மாவட்ட அரச அலுவலகத்துக்கு) முன்னால் தமிழரசுக் கட்சி சத்தியாக்கிரகம் தொடங்கியது. மட்டக்களப்புக்கும் பரவியது. இங்கே கச்சேரி இருந்தது ஒல்லாந்தர் கோட்டைக்குள்ளே. வாவிக் கரையில், போர்த்துக்கேயன் கட்டி, ஒல்லாந்தன் பிடித்து, ஆங்கிலேயன் ஆண்ட கோட்டை வாசலில், சுதந்திர நாட்டின் பிரஜைகள் தங்கள் மொழியில் கடிதம் எழுதும் உரிமைக்காக உட்கார்ந்தார்கள். முஸ்லிம்களும் வந்து உட்கார்ந்தார்கள். அரச நிர்வாகம் வாரக்கணக்கில் முடங்கியது. ஏப்ரல் 14இல் கட்சி தனியாகத் தபால் சேவையே தொடங்கிவிட்டது. சில நாளில் அவசரகாலச் சட்டம், இராணுவம், தலைவர்களுக்குப் பனாகொடையில் தடுப்புக்காவல்.

தோல்வி என்றுதான் அடுத்த தலைமுறை எடுத்துக்கொண்டது. "உட்கார்ந்து என்ன கிடைத்தது?" என்று கேட்டவர்கள் எழுபதுகளில் ஆயுத வழி தேடினார்கள். அந்த வழி தந்ததையும் எடுத்ததையும் இந்த மாவட்டம் அனுபவித்துவிட்டது. மாற்றுக் கருத்துச் சொன்ன தமிழனுக்கும், பள்ளிவாசலில் தொழுத முஸ்லிமுக்கும் அந்த வழியில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். விடுதலை இயக்கம் தனக்குள் ஜனநாயகம் வைத்திருக்கவில்லை என்றால், வென்ற பிறகு எங்கிருந்து கொண்டுவரும்?

காந்தி பூங்காவில் இருந்த சிலையை 2012இல் உடைத்தார்கள்; காரைதீவு தந்த சுவாமி விபுலானந்தரின் சிலையும் அதோடு சேதமானது. ஆனால் போராட்டம் என்றால் இன்றைக்கும் சனம் அந்தப் பூங்காவுக்குத்தான் போகிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றதும் அங்கேதான். வேலையில்லாப் பட்டதாரிகள் பாய் விரித்ததும் அங்கேதான்.

அவசரகாலச் சட்டம் சுதந்திர அரசு கொண்டுவந்ததா, ஆங்கிலேயனா?

பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1947 யூனில் வந்தது, பொது வேலைநிறுத்தத்தை அடக்க. விடுதலைக்கு எட்டு மாதம் முன்பு. அதைச் சுதந்திர அரசு கிழித்துப் போடவில்லை. 1958, 1961, 1971, 1983 என்று எடுத்து எடுத்துப் பாவித்தது. 1979இல் தற்காலிகம் என்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரம் ஆனது. இந்த விஷயத்தில் இந்தியாவும் சளைத்தது இல்லை. திலகரையும் காந்தியையும் உள்ளே போட்ட தேசத்துரோகப் பிரிவைச் சுதந்திர இந்தியாவும் வைத்துக்கொண்டது.

பெண்களுக்கு என்ன கிடைத்தது?

வாக்கு உடனே, ஆசனம் மெதுவாக. 1931இலேயே அடலின் மொலமூரே அரசாங்க சபைக்குப் போனார், 1932இல் நேசம் சரவணமுத்து. கிழக்கிலிருந்து பாராளுமன்றம் போன முதல் தமிழ்ப் பெண் ரங்கநாயகி பத்மநாதன், 1980இல், பொத்துவிலுக்கு. அதுவும் சகோதரர் கனகரத்தினம் இறந்த இடத்துக்கு வந்த நியமனம். உள்ளூராட்சியில் நாலில் ஒன்று பெண்களுக்கு என்ற சட்டம் 2018 தேர்தலில்தான் நடைமுறைக்கு வந்தது.

எல்லாம் குறைதானா? நல்லதாக ஒன்றும் மிஞ்சவில்லையா?

மிஞ்சியது, நிறையவே. வாக்கு இருந்ததால்தான் 1930களில் அமைச்சர்கள் ஊர் ஊராக ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் கட்ட ஓடினார்கள். கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது, விடுதலைக்கு முன்பே. வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தில் படித்த கமக்காரர் பிள்ளைகளைக் கேளுங்கள். அந்த வளவிலேயே 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகம்.

அப்புறம், ஆட்சியை வாக்கால் மாற்றும் பழக்கம். 1956 முதல் 1977 வரை நடந்த ஒவ்வொரு பொதுத் தேர்தலிலும் இருந்த அரசாங்கம் தோற்றது. தோற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அயலில் எத்தனை நாட்டில் இப்படி?

குறுமண்வெளித் துறையில் தேர்தல் நாள் காலையில் நின்று பாருங்கள். வாவியைக் கடந்து மண்டூர்ப் பக்கம் போகும் பாதை (மிதவைப் படகு) நிறைய ஆட்கள். கல்முனையில் கடையில் நிற்கும் பெடியன், காத்தான்குடியில் தைக்கப் போகும் பிள்ளை, மோட்டார் சைக்கிளின் பின்னால் அம்மம்மாவை ஏற்றிக்கொண்டு வந்த பேரன். அம்மம்மா கையில் அடையாள அட்டையும் வாக்காளர் அட்டையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி இருக்கும். அரசியல்வாதிகளைத் திட்டிக்கொண்டே வருவார். ஆனால் வராமல் விடமாட்டார். போர்க் காலத்தில் இரண்டு பக்கமும் மிரட்டியபோதும் இவரைப் போன்றவர்கள்தான் வரிசையில் நின்றார்கள். 2024 நவம்பர் தேர்தலில் 22 தேர்தல் மாவட்டங்களில் 21ஐத் தேசிய மக்கள் சக்தி எடுத்தபோது, தமிழரசுக் கட்சியைத் தேர்ந்தெடுத்த ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. அது சரியா பிழையா என்பது வேறு விவாதம். அலைக்கு எதிராகப் புள்ளடி போட இந்தச் சனத்துக்குத் தெரியும்.

பெப்ரவரி 4ஐக் கொண்டாடலாமா, கரிநாள் என்று ஒதுக்கவேண்டுமா?

1957இல் அதே நாளில் திருகோணமலையில் கறுப்புக் கொடி ஏற்றப் போன நடராசன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2023இல் பல்கலைக்கழக மாணவர்கள் அன்றைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு மட்டக்களப்பு வரை பேரணியாக வந்தார்கள். கொடி ஏற்றுகிறவர்களும் நம் அயலவர்களே. எனக்குக் கேட்டால், 1948 பெப்ரவரியைவிட 1931 யூன்தான் நம் காலண்டரில் இருக்கவேண்டிய மாதம். எல்லாருக்கும் ஒரே நாளில் கிடைத்தது அதுதான்.

மாகாண சபை என்ன ஆயிற்று? ஏன் தேர்தல் இல்லை?

விடுதலையின்போது பேசாமல் விட்ட அதிகாரப் பங்கீட்டை 1987இல், இந்தியா வந்து நின்ற பிறகு, 13ஆவது திருத்தமாகக் கொண்டுவந்தார்கள். 1988இல் வடகிழக்கு ஒரே சபை. 2006இல் உயர் நீதிமன்றம் இணைப்பு செல்லாது என்றது. கிழக்குக்குத் தனியாக 2008இலும் 2012இலும் தேர்தல் நடந்தது. 37 ஆசனம்: அம்பாறைக்கு 14, மட்டக்களப்புக்கு 11, திருகோணமலைக்கு 10, வென்ற கட்சிக்குப் போனஸ் 2. மூன்று சமூகமும் தனித்து ஆள முடியாத கணக்கு அது. அதனால் பேரம் பேசத்தான் வேண்டியிருந்தது, பேசினார்கள். ஒரே மேசையில் தமிழ், முஸ்லிம், சிங்கள அமைச்சர்கள் இருந்த மாகாண அரசும் 2015இல் அமைந்தது. குறை ஆயிரம் இருந்தாலும், 1919இல் தொடங்கி முடிக்காமல் விட்ட பேச்சுக்குக் கிட்ட வந்த இடம் அதுதான் என்பது என் எண்ணம்.

சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதே மாதம் பாராளுமன்றம் தேர்தல் முறையைக் கலப்பு முறையாக மாற்றிச் சட்டம் போட்டது. அதற்குத் தொகுதி எல்லை பிரிக்க வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, கொண்டுவந்தவர்களே சேர்ந்து தோற்கடித்தார்கள். பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. பழைய விகிதாசார முறைக்குத் திரும்பலாம் என்று பாராளுமன்றம் ஒரு சின்னத் திருத்தத்தை நிறைவேற்றினால் தேர்தல் ஆணைக்குழு வேலையைத் தொடங்கலாம். அதற்கு யாப்பை மாற்றவும் தேவையில்லை, மூன்றில் இரண்டும் தேவையில்லை, சாதாரணப் பெரும்பான்மை போதும். வாக்குக் கேட்டு ஊருக்கு வரும் ஐந்து மட்டக்களப்பு எம்.பி.மாரிடமும் ஏழு திகாமடுல்லை (அம்பாறைத் தேர்தல் மாவட்ட) எம்.பி.மாரிடமும் முதலில் கேட்க வேண்டியது இந்தத் திருத்தத்தைப் பற்றித்தான்.